ஏழும் மூன்றும் அடிதடியும்

அந்த ஏரிக்கரை மாவட்டத்தில் குழந்தைகளை அடிப்பது சட்டப்படி குற்றம். அடித்த ஆசிரியர்களை மாவட்டக் கல்வி அலுவலகத்துக்கு வரவழைத்து, கதவைச் சாத்திக்கொண்டு, அதே பிரம்பால் அடித்தார்கள். பறிமுதலான பிரம்புகள் மாவட்டக் கல்வி மேலாளர் கச்சிங்வேயின் நாற்காலிக்குப் பின்னால் ஒரு பானையில் பூங்கொத்துபோலச் செருகப்பட்டிருந்தன. பேசிக்கொண்டிருக்கும்போதே ஒன்றை உருவி முதுகு சொறிந்துகொள்வார்.

சிவேட்டி தொடக்கப் பள்ளியின் முதல் வகுப்பு ஆசிரியை எலூபிக்கு அந்தப் பானை நன்றாகப் பழக்கம். இரண்டு வருடமாக அதன் முன்னால்தான் மாற்றல் கேட்டு நின்றுகொண்டிருந்தாள். அவளுடைய கணவன் வைசன், ஏரி நடுவில் இருக்கும் கஜோலோ தீவில் மருத்துவ உதவியாளன். கல்யாணமான மறு மாதமே அங்கே போட்டுவிட்டார்கள். வாரம் ஒருமுறை போகும் படகு, காற்று அடித்தால் அதுவும் இல்லை. தீவுப் பள்ளியில் ஓர் ஆசிரியர் இடம் காலியாக இருந்தது. அந்த ஒரே இடத்தைத்தான் அவள் கேட்டாள்.

"தீவு தண்டனை ஊரு, டீச்சர்" என்றார் கச்சிங்வே. "தப்புப் பண்ணினவங்களை அனுப்பற இடம். நீங்க என்ன தப்பு பண்ணினீங்க?"

"ஒண்ணும் பண்ணலயே, ப்வானா." அதிகாரிகளை அங்கே ப்வானா, அதாவது ஐயா, என்றுதான் அழைப்பார்கள்.

"அதான் பிரச்சினை. ஒரு தப்பும் பண்ணாதவங்களைத் தண்டிக்கிற ஆபீசா இது?"

"எனக்கு அது தண்டனையில்ல, ப்வானா. என் வீட்டுக்காரர் அங்கதான இருக்காரு."

"அது இன்னும் மோசம். நம்ம வழக்கப்படி கல்யாணமானா ஆம்பளைதான் பொண்ணு ஊருக்கு வந்து இருக்கணும். நீங்க அவர் பின்னாடி ஓடுறது பண்பாட்டுக்கே விரோதம்." பிரம்பை உருவி முதுகில் விட்டார். "பாருங்க, வேலையை விட்டு எடுக்கணும்னா தலைநகர்ல கேட்கணும், வருஷக்கணக்காகும். தீவுக்கு அனுப்ப என் கையெழுத்து ஒண்ணு போதும். குழந்தையை அடிச்சா தீவு. குடிச்சிட்டு வந்தா தீவு. அதிகாரி மேல கை வச்சா அன்னிக்கே தீவு. ஏதாவது உருப்படியாப் பண்ணிட்டு வாங்க, பார்ப்போம்."

எலூபி முயன்று பார்த்தாள். ஒரு வாரம் பள்ளிக்குத் தாமதமாகப் போனாள். மற்றவர்கள் அவளுக்குப் பிறகு வந்ததால், நேரம் தவறாமைக்கு அவளைப் பாராட்டினார்கள். ஒரு நாள் பிரம்போடு வகுப்புக்குப் போனாள். அவளை அந்தக் கோலத்தில் பார்த்த குழந்தைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். தவோங்கா என்ற ஆறு வயதுச் சிறுமி, "எங்க, அடிங்க டீச்சர்!" என்று உள்ளங்கையை நீட்டினாள். எலூபி அந்தக் கையில் ஒட்டியிருந்த சேற்றைத் தன் துணியால் துடைத்துவிட்டு, பிரம்பால் மாங்காய் பறித்துக் கொடுத்தாள்.

இந்த நிலையில்தான் பத்து வந்தது.

முதல் வகுப்புக் குழந்தை பத்து என்ற எண்ணை எத்தனை விதமாகப் பிரிக்கலாம், சேர்க்கலாம் என்பதை இனிக் கையால் தொட்டுத்தான் கற்க வேண்டும் என்று அரசாங்கம் முடிவு செய்திருந்தது. பாட்டில் மூடி, கூழாங்கல், சோள மணி, எது கிடைத்தாலும் சரி. அதற்கான பயிற்சி முகாமில் கச்சிங்வே முழங்கினார்.

"நம்ம மாவட்டத்துல கணக்கு செத்துக்கிட்டிருக்கு! இனிமே ஒவ்வொரு குழந்தையும் தொட்டு, எண்ணி, பிரிச்சு, சந்தோஷமாக் கத்துக்கணும். சந்தோஷமா இல்லாத குழந்தை யாரு, அதோட அப்பன் யாரு, எனக்குப் பேரு வேணும்!"

பிறகு பாடமுறை ஆலோசகர் கலிலோம்பே எழுந்தார். ஒல்லியான மனிதர். கையில் கரும்பலகை அளவுகோல். ஆசிரியர்கள் தரையில் உட்கார்ந்து, ஆளுக்குப் பத்து பீர் பாட்டில் மூடிகளைப் பிரித்துச் சேர்த்துக்கொண்டிருந்தார்கள். ம்வாலே என்ற ஆசிரியர் மட்டும் சிரிக்காமல் எண்ணினார். கலிலோம்பே அவர் விரல் முட்டியில் அளவுகோலால் ஒன்று வைத்தார்.

"கை வழியாக் கத்துக்கும்போது முகத்துல மகிழ்ச்சி தெரியணும், சார்."

"வலிக்குதுங்க."

"தெரியும். அதையும் மீறித் தெரியணும்." ம்வாலே பல்லைக் காட்டினார். "பாருங்க, எல்லாரும் பாருங்க! ஆக, பத்துக்கு எத்தனை ஜோடி? சுழியும் பத்தும், ஒண்ணும் ஒம்பதும், ரெண்டும் எட்டும், மூணும் ஏழும், நாலும் ஆறும், அஞ்சும் அஞ்சும். மொத்தம் ஆறு."

"பதினொண்ணு" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

ஆய்வாளர் திருமதி சிரம்போ எழுந்து நின்றார். அவர் எழுந்தால் ஜன்னல் வெளிச்சம் பாதி குறையும். மழைக்காலமோ வெயில்காலமோ, கையில் மரப்பிடி போட்ட குடை இருக்கும்.

"ஏழும் மூணும் எங்க போச்சு? எட்டும் ரெண்டும் எங்க? பாதி ஜோடியை முழுங்கிட்டீங்களே, மிஸ்டர் கலிலோம்பே!"

"மூணும் ஏழும், ஏழும் மூணும் ஒண்ணுதாம்மா."

"எப்படிய்யா ஒண்ணாகும்? உன் வாய்ல மூணு பல்லு உடைஞ்சு ஏழு மிஞ்சறதும், ஏழு உடைஞ்சு மூணு மிஞ்சறதும் உனக்கு ஒண்ணா?"

"அந்தம்மா மிரட்டறாங்க. எல்லாரும் குறிச்சுக்குங்க."

"மிரட்டல. கையால தொட்டுச் சொல்லிக் குடுக்கிறேன்" என்று சொல்லித் திருமதி சிரம்போ குடையால் தொட்டார். கலிலோம்பேயின் மூக்கிலிருந்து ரத்தம் வந்தது. அவர் அளவுகோலை இரு கையாலும் ஓங்கி இறக்கினார். அது முறிந்தது. முறிந்த துண்டு பறந்து ம்வாலே நெற்றியில் போய் நின்றது. அவர் அப்போதும் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தார். பாட்டில் மூடிகளின் கூர் விளிம்பு எதற்கெல்லாம் பயன்படும் என்பதை ஆசிரியர்கள் அன்றைக்குத்தான் கற்றார்கள். பிறகு தேநீரும் எண்ணெய்ப் பணியாரமும் கொடுத்தார்கள். பங்கேற்பாளர்கள் அனைவரும் செயல்பாடுகளில் முழு மூச்சுடன் ஈடுபட்டதாக அறிக்கை போனது.

அன்றிலிருந்து மாவட்டம் இரண்டாயிற்று. கலிலோம்பே பக்கம் நின்றவர்கள் ஆறுகாரர்கள், திருமதி சிரம்போ பக்கம் நின்றவர்கள் பதினொன்றுகாரர்கள். இரு பக்கமும் தனித்தனியாக உத்தரவு அனுப்பின. ஆறு என்று எழுதிய தலைமை ஆசிரியரின் சைக்கிள் டயர் இரவோடு இரவாகக் கிழிந்தது. பதினொன்று என்று எழுதியவரின் கோழிகள் தலையில்லாமல் கிடந்தன. இரண்டு பள்ளிகளுக்கிடையே நடந்த கால்பந்து ஆட்டத்தில் பந்தை யாரும் தொடவேயில்லை. அரசு ஆஸ்பத்திரியில் காயத்தின் காரணம் எழுதும் இடத்தில் மாடு முட்டியது, மரத்திலிருந்து விழுந்தது என்பவற்றோடு கணக்கு என்றும் எழுத ஆரம்பித்தார்கள்.

மருந்துப் பெட்டி எடுக்கக் கரைக்கு வந்த வைசனையும் தையல் போட உட்கார்த்தி வைத்துவிட்டார்கள். சாயங்காலம் எலூபி வீட்டுக்கு வந்தபோது அவன் சட்டையெல்லாம் ரத்தம்.

"அய்யோ! உங்களை யாரு அடிச்சது?"

"என் ரத்தம் இல்லம்மா. தலைமை ஆசிரியருங்க ரத்தம். ஒருத்தர் காதைக் கையில புடிச்சிக்கிட்டு வந்தாரு. ஆறா பதினொண்ணான்னு என்னைக் கேக்குறாரு. ஒரு காதுதான் மிச்சம், அதைப் பார்த்துக்கங்கன்னேன்."

எலூபி களியும் குட்டி மீன் குழம்பும் வைத்தாள். அவன் தின்பதையே பார்த்துக்கொண்டிருந்தாள். தீவில் அவன் தானே சமைத்துத் தின்பது கழுத்தெலும்பில் தெரிந்தது.

"ப்வானா இன்னிக்குக் கூப்பிட்டனுப்பினாரு" என்றாள். "எந்தப் பக்கமும் சேராத டீச்சர் நான் ஒருத்திதானாம். எல்லா அதிகாரியும் வந்து உட்காருவாங்களாம், நான் பத்தை நடத்திக் காட்டணுமாம். பிள்ளைங்க எதைச் சொல்லுதோ அதுதான் மாவட்டத்துக்கே முடிவாம்."

"ஆறுன்னா பதினொண்ணுகாரன் உன்மேல குத்தம் சொல்வான். பதினொண்ணுன்னா ஆறுகாரன்." வைசன் மீன் முள்ளை எடுத்துவிட்டு நிமிர்ந்தான். "அடியம்மா, எப்படி நடத்தினாலும் குத்தம்தானே! பெட்டியைக் கட்டு!"

"நிஜமாவா சொல்றீங்க?"

"தீவுல கொசுவலை ஒண்ணுதான் இருக்கு. பெருசா ஒண்ணு வாங்கி வைக்கிறேன்."

அவள் சிரித்தாள். வெகு நாளைக்குப் பிறகு அந்த வீட்டில் இரண்டு பேர் சிரித்தார்கள்.

வகுப்பு மாமரத்தடியில் நடந்தது. முதல் வகுப்புக்கு அதுதான் கட்டடம். எலூபி குழந்தைகளை ஜோடி ஜோடியாக எதிரெதிரே உட்கார்த்தி, ஒவ்வொரு ஜோடிக்கும் நடுவில் மண்ணில் இரண்டு குழி தோண்டியிருந்தாள். பத்துக் கழற்சிக்காய். ஒரு குழந்தை அவற்றை இரண்டு குழிகளிலும் பிரித்துப் போட்டு, ஒரு குழியைக் கையால் மூடிக்கொள்ள வேண்டும். திறந்திருக்கும் குழியை எதிர்க்குழந்தை எண்ணிப் பார்த்து, மூடியிருப்பது எத்தனை என்று சொல்ல வேண்டும். சரியாகச் சொன்னால் மூடிய கை திறக்கும். அவ்வளவுதான்.

"நாலு இருக்கு... அப்ப ஆறு!"

"தொறடா கையை!"

"ஆறுதான்! ஆறுதான்!"

குழந்தைகள் கத்திய கத்தலில் மரத்திலிருந்த காக்கைகள் கிளம்பிப் போயின. அதிகாரிகள் பத்துப் பேர் நாற்காலியில் இருந்தார்கள். ஆறுகாரர்கள் ஐந்து பேர், பதினொன்றுகாரர்கள் நாலு பேர், நடுவில் கச்சிங்வே. அன்று தவோங்காவுக்கு ஜோடி வரவில்லை. அவள் நேராகப் போய்க் கலிலோம்பேயின் கால்சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"நீங்க வாங்க, சும்மாதான உட்கார்ந்திருக்கீங்க."

எல்லோரும் சிரித்தார்கள். கலிலோம்பே பெருந்தன்மையாக எழுந்து வந்து மண்ணில் குந்தினார். தவோங்கா அவர் பக்கத்துக் குழியில் மூன்று காய் போட்டாள். தன் பக்கத்துக் குழியைப் பொத்திக்கொண்டாள்.

இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். அந்த ஏரிக்கரையில் பிறந்த எந்த ஆண்மகனும் பாவோ ஆடாமல் வளர்ந்ததில்லை. நம் பல்லாங்குழிக்கு மூத்த பங்காளி அந்த ஆட்டம். உன் காய் விழுந்த குழிக்கு எதிரே எதிராளியின் குழியில் காய் இருந்தால், அத்தனையையும் அள்ளிக்கொள்ளலாம். அள்ளுவதை அங்கே 'தின்பது' என்பார்கள். சந்தைக்குச் சந்தை ஆண்கள் குந்தியிருந்து தின்றுகொண்டிருப்பார்கள். நாற்பது வருடம் தின்ற கை, எதிர்க்குழியைக் கண்டால் மூளையைக் கேட்பதில்லை.

கலிலோம்பே தன் மூன்றைப் பார்த்தார். எதிர்க்குழியைப் பார்த்தார். அவர் கை தானாகப் போய், குழந்தையின் கையைத் தள்ளிவிட்டு, ஏழு காய்களையும் அள்ளியது.

"தின்னுட்டேன்!" என்றார், அவரை அறியாமலே.

"அது என்னோடது!" என்று அலறிய தவோங்கா அவர் மணிக்கட்டில் கடித்தாள். புதிதாக முளைத்த பற்கள்.

"வாய்யா ஆறுகாரா!" என்று திருமதி சிரம்போ தொடையில் தட்டிச் சிரித்தார். "சின்னப் புள்ளைகிட்ட தோத்தியா? ஏழும் மூணும் ஒண்ணுதான்னு சொன்னவன் மூணை வச்சிட்டு ஏழை ஏன்யா தின்னே? நீயே ஒத்துக்கிட்ட!"

கலிலோம்பே கையிலிருந்த ஏழையும் அவர் முகத்தில் எறிந்தார். கழற்சிக்காய் கல்லுக்குச் சமம். திருமதி சிரம்போவின் புருவம் பிளந்தது. குடை வந்தது. நாற்காலிகள் வந்தன. ஓர் ஆறுகாரர் கொடிக்கம்பத்தைப் பிடுங்கிக்கொண்டு ஓடிவந்து, தன் கட்சிக்காரர் ஒருவரையே சாய்த்தார். கரும்பலகை ஒருவர் தலை வழியாக இறங்கிக் கழுத்தில் சட்டமாக நின்றது. "வன்முறை கூடாது! வன்முறை பண்றவன் முதுகெலும்பை உருவிடுவேன்!" என்று கத்திக்கொண்டே கச்சிங்வே மாமரத்தில் ஏறினார்.

எலூபி முதலில் குழந்தைகளை மரத்துக்கு அந்தப் பக்கம் இழுத்துப் போய் உட்கார்த்தினாள். பயந்து அழுவார்கள் என்று நினைத்தாள். அவர்கள் எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

"டீச்சர்! ஒருத்தர் கீழ, ஒம்பது பேரு நிக்கிறாங்க!"

"ரெண்டு பேரு கீழ! அப்ப எட்டு!"

"மூணு!"

"ஏழு!" என்று மொத்த வகுப்பும் பதில் சொன்னது.

குடை இன்னும் ஒருவரைச் சாய்த்தது. நாலும் ஆறும். விழுந்தவர் இன்னொருவரின் காலைக் கடித்து இழுத்தார். ஐந்தும் ஐந்தும். எலூபி தன் இடுப்புத் துணியைக் கிழித்துக் கிழித்துக் கட்டுப்போட்டாள். அவளைத் தாண்டி ஒரு செருப்பு பறந்தது. ஒரு பல் பறந்தது. தவோங்கா அந்தப் பல்லை எடுத்துப் பார்த்துவிட்டு, இது கணக்கில் வராது என்று போட்டுவிட்டாள். கடைசியில் திருமதி சிரம்போவும் கலிலோம்பேயும் ஒருவர் கழுத்தை ஒருவர் பிடித்தபடி சேர்ந்து சரிந்தார்கள்.

"ஒம்பது பேரு கீழ" என்றாள் தவோங்கா. "மரத்துல இருக்கறவரை எதுல சேர்க்கறது, டீச்சர்?"

எலூபிக்கு யோசிக்க வேண்டியிருந்தது. "இப்போதைக்கு நிக்கிறவர்ல சேர்த்துக்க."

அதற்குள் கிளை முறிந்தது.

"பத்தும் சுழியும்!" என்று குழந்தைகள் கைதட்டினார்கள்.

மறு வாரம் விசாரணை. விசாரணைக் குழுவின் தலைவர் கச்சிங்வே. அடிபட்ட அதிகாரியே அடியைப் பற்றி அறிவார் என்று தலைநகர் எழுதியிருந்தது. அவருக்கு ஒரு கை தூளியில். வலது பக்கம் கலிலோம்பே, மூக்கு இருந்த இடத்தில் பஞ்சு. இடது பக்கம் திருமதி சிரம்போ, ஒரு கண்ணுக்குத் திரை. எலூபி பெட்டியைக் கட்டி வாசலில் வைத்துவிட்டு வந்திருந்தாள். படகு அன்று மத்தியானம்.

அறையில் இன்னொருவரும் நின்றார். முகாமில் அடிபட்ட ம்வாலே. அழுதுகொண்டிருந்தார்.

"விசாரணையில தெரிய வந்தது என்னன்னா" என்று கச்சிங்வே தொடங்கினார், "அன்னிக்கு வன்முறையே நடக்கல. அதிகாரிகள் தங்கள் உடம்பையே கற்பித்தல் கருவியா அர்ப்பணிச்சிருக்காங்க. முதல் வகுப்புப் பிள்ளைங்க அத்தனை பேருக்கும் இப்ப பத்து தலைகீழாத் தெரியுது. தூக்கத்துல கேட்டாலும் சொல்லுதுங்க. இந்த நாட்டுல எங்கயுமே இப்படி நடந்ததில்ல."

"ஆறு ஜோடியும் தெரியுது" என்றார் கலிலோம்பே பஞ்சு வழியாக.

"பதினொண்ணும்" என்றார் திருமதி சிரம்போ.

"அதனால எலூபி டீச்சருக்குப் பதவி உயர்வு! தெற்குக் கோடி மாவட்டத்துல பயிற்சி ஆலோசகர். பஸ்ல ரெண்டு நாள் பயணம். பாராட்டுக்கள்!"

எலூபி ஓர் அடி முன்னால் வந்தாள். "ப்வானா... ஒரு பக்கமாவது என்மேல குத்தம் சொல்லலியா?"

"ரெண்டு பக்கமும் பாராட்டிட்டாங்க. வரலாற்றிலேயே முதல் தடவை."

"அப்ப தீவு?"

"அந்த இடம் நிரம்பிடுச்சு. மிஸ்டர் ம்வாலே. சந்தோஷக் குறைவு. பல தடவை எச்சரிச்சாச்சு."

"எனக்கு நீச்சல் தெரியாதுங்க" என்று விம்மினார் ம்வாலே. "வீட்டுல பிரசவத்துக்கு நாள் நெருங்குதுங்க."

"பார்த்தீங்களா? இப்பகூடச் சிரிப்பு இல்ல." கச்சிங்வே நல்ல கையால் பேனாவை எடுத்தார். உத்தரவுத் தாள் தயாராக இருந்தது. ம்வாலேயின் பெயர் எழுத வேண்டிய இடம் மட்டும் காலி.

எலூபி தன் கையைப் பார்த்தாள். அத்தனை வருடத்தில் அந்தக் கை மூக்கு சிந்திவிட்டிருக்கிறது, சட்டைப் பொத்தான் மாட்டியிருக்கிறது, விரல் பிடித்து ஒன்று இரண்டு எழுத வைத்திருக்கிறது. ஒருவரையும் அடித்ததில்லை. எப்படி வீசுவது என்றுகூடச் சரியாகத் தெரியவில்லை. சந்தையில் மீன் விற்கும் பெண்கள் வீசுவதை நினைத்துக்கொண்டாள். மேஜையைச் சுற்றிக்கொண்டு நடந்தாள். காலை ஊன்றினாள்.

அறை விழுந்த சத்தத்தில் பிரம்புப் பானை உருண்டது. கச்சிங்வேயின் கண்ணாடி சுவரில் மோதி இரண்டானது. நாற்காலியோடு அவர் ஒரு சுற்றுச் சுற்றி நின்றார். கன்னத்தில் விரல்கள் ஒவ்வொன்றாக எழுந்து வந்தன.

கலிலோம்பே பஞ்சைப் பிடித்தபடி அந்தக் கன்னத்தருகே குனிந்தார்.

"நாலு விரல் பதிஞ்சிருக்கு" என்றார். "கட்டைவிரல் தனியா. நாலும் ஒண்ணும் அஞ்சு."

"ஒண்ணும் நாலும்யா. கட்டைவிரல்தான் முதல்ல பட்டது, நான் பார்த்தேன்."

"ஒத்தைக் கண்ணை வச்சிக்கிட்டா?"

குடை மெல்ல உயர்ந்தது. ஆனால் கச்சிங்வே அவர்களைப் பார்க்கவில்லை. அவர் முகத்தில், வீக்கத்தைத் தாண்டி, ஒரு நிம்மதி பரவிக்கொண்டிருந்தது. இரண்டு வருடமாகச் சட்டத்துக்குள் கொண்டுவர முடியாத ஒரு விண்ணப்பம் இப்போது வந்துவிட்டது.

"அதிகாரி மேல கை!" என்று கூவினார். "சாட்சி முன்னாடி! பதவி உயர்வு ரத்து! தீவு! இன்னிக்கே, இந்தப் படகுலயே! ம்வாலே, நீ போய்யா, போயி உன் பொண்டாட்டியைப் பாரு!"

கையெழுத்துப் போட்டார். முத்திரையை ஓங்கிக் குத்தினார். மேஜைக்கால் ஒன்று ஆடியது.

பெரியவர்கள் எதைக் கொடுத்தாலும் அந்த ஊர்ப் பெண்கள் வாங்குவதுபோல எலூபி முழங்காலிட்டு, இரண்டு கையாலும் உத்தரவை வாங்கிக்கொண்டாள். எழுந்திருக்கவில்லை. அவர் கன்னத்தையே பார்த்தாள்.

"ரொம்ப வலிக்குதா, ப்வானா?" என்று கேட்டாள்.

கச்சிங்வே வாயைத் திறந்தார். அந்த அலுவலகத்தில் இதற்கு முன்னால் யாரும் யாரையும் இதைக் கேட்டதில்லை. என்ன பதில் சொல்ல வேண்டும் என்று எந்த உத்தரவிலும் இல்லை. பக்கத்தில் குடை முறியும் சத்தம் கேட்டது. அவர் கன்னத்தைப் பொத்திக்கொண்டு, ஆறு வயதுப் பிள்ளைபோல, ஆமாம் என்று தலையை ஆட்டினார்.